மண்ணில் நுண்ணுயிர்க் கூட்டத்தை மீட்டெடுக்க: 3 சென்ட் நிலத்தில் தொடங்கும் வழி

உரக்கடையில் போய் "மண்ணு செத்துப்போச்சு, என்ன போடலாம்?" என்று கேட்டால் பதில் ஒரு பாக்கெட்டாகவோ பாட்டிலாகவோதான் வரும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற பாக்டீரியா, வேம் என்ற வேர்ப்பூஞ்சை என்று ஏதோ ஒரு உயிர் உரம். அவற்றில் சரக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதைப் போட்ட பிறகு மண்ணுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் கடைக்காரரிடமும் பதில் இல்லை, போட்டவரிடமும் இல்லை. "பயிர் பச்சையா இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மழை நன்றாகப் பெய்திருந்தாலும் பயிர் பச்சையாகத்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ எட்டரை லட்சம் கிலோ. கிராமுக்கு 100 கோடி பாக்டீரியா என்று வைத்துக்கொள்வோம். மண்ணைப் பொறுத்து இது கூடும், குறையும். மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவ உயிர் உரத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்கவேண்டும். 2 கிலோ போட்டால் 10,000 கோடி. பெரிய எண்தான். ஆனால் ஏற்கெனவே மண்ணில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால் 85 லட்சத்துக்கு ஒன்று. விதையிலோ வேரிலோ ஒட்டவைத்தால் அந்தச் சிறு கூட்டத்துக்கும் வேலை உண்டு. வயல் முழுக்கத் தூவி மண்ணின் கூட்டத்தையே மாற்றிவிடலாம் என்று நினைத்தால் கணக்கு உதைக்கிறது.

ஆகவே பாக்கெட் கடைசியில் வரும். முதலில் அளவு, பிறகு தீனி, அதன் பிறகே குடியேற்றம். கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர், கொஞ்சம் நிலமும் நிறையக் கேள்வியும் வைத்திருக்கும் விவசாயி ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. நிலத்தின் பூர்வீகத்தைக் கேளுங்கள்

நோட்டு ஒன்று வாங்கி, நிலத்தை உழுதவரிடமே உட்கார்ந்து எழுதுங்கள். கடைசியாக என்ன பயிர், என்ன மருந்து அடித்தார்கள், கிணற்றுப் பாசனமா ஏரிப் பாசனமா, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எங்கே களிமண் கொட்டினார்கள், எங்கே குப்பைக்குழி இருந்தது. டி.என்.ஏ. வரிசை பார்த்துக் குழம்பும் பல ஆய்வுகளுக்கு விடை இந்த நோட்டில்தான் இருக்கும்.

அடுத்து மண்வள அட்டை. 2015இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 12 அளவுகள் தருகிறார்கள்: தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்), கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம். உயிரை நேரடியாக எண்ணும் அளவு இவற்றில் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் கடைசி மூன்றை முதலில் படியுங்கள். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேலே என்றால் அதிகம் என்பது நம் நாட்டுக் கணக்கு. மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர் நிலம்; உப்பை வடித்து வெளியேற்ற வழி பார்க்கவேண்டும். கார அமில நிலை 8.5க்கு மேலே போனால் களர் நிலம் என்று சந்தேகப்படுங்கள். அதற்கு ஜிப்சமும் வடிகாலும்தான் முதல் மருந்து. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் நுண்ணுயிர் விடுவது, கரண்டும் தண்ணீரும் இல்லாத வீட்டில் ஆளைக் குடிவைப்பது மாதிரி.

தோல் தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த நிலம் என்றால் இந்தக் கட்டுரை போதாது. சில பாக்டீரியா நச்சு மிகுந்த குரோமியத்தை நச்சு குறைந்த வடிவுக்கு மாற்றும். ஆனால் குரோமியம் மண்ணிலேயேதான் இருக்கும். அதற்கு ஆய்வகத் துணையோடுதான் இறங்கவேண்டும்.

2. 'நல்ல மண்' எது என்று ஒரு மாதிரி நிலம் பிடியுங்கள்

மீட்பது என்றால் எதை நோக்கி? அதே மண் வகையில், பக்கத்திலேயே, நெடுங்காலம் உழாத இடம் ஒன்று வேண்டும். நம் பக்கத்தில் அதற்குப் பெரும்பாலும் ஐயனார் கோயில்காடுதான் கிடைக்கும். பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். கைப்பிடி மண் எடுக்கவும் அனுமதி கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். வெளிநாட்டுக் கூட்டாளி யாராவது ஆய்வில் இருந்தால் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். சென்னையிலேயே இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோயில்காட்டு மண்ணைப்போலவே வயலும் ஆகவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது காடு, இது வயல். ஒப்பிட ஒரு எல்லைக்கல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

3. ஆட்களைச் சேருங்கள்

நுண்ணுயிரியல் படித்தவர் ஒருவர், மண்ணியல் தெரிந்தவர் ஒருவர், புள்ளியியல் ஆசிரியர் ஒருவர், நிலத்துக்காரர். இந்த நான்கு பேர் குறைந்தபட்சம். தாவரவியல்காரர் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்வியோடு வருவார்கள்: ஒருவருக்கு மகசூல், ஒருவருக்கு இனப் பட்டியல், ஒருவருக்குக் கரிமம். எல்லாவற்றையும் அளக்கலாம் என்று முடிவெடுத்தால் எதையும் உருப்படியாக அளக்கமாட்டீர்கள். ஒரே ஒரு கேள்வியை எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். உதாரணத்துக்கு: "பலதானியமும் மூடாக்கும் தனியாகப் போதுமா, ஜீவாமிர்தம் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா?" (பலதானியம் என்பது பலவகை விதைகளைக் கலந்து விதைத்து, பூக்கும்போது அறுத்து மண்ணுக்கே தருவது; மூடாக்கு என்பது வைக்கோல், தழையால் மண்ணை மூடுவது; ஜீவாமிர்தம் என்பது சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு சேர்ந்த கரைசல்.)

புள்ளியியல்காரரைக் கடைசியில் கூப்பிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பாத்தி போடுவதற்கு முன்பே அவர் வரவேண்டும். வயல்வெளி ஆய்வு வடிவமைப்பே அப்படிப் பிறந்ததுதான்: இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், வயல் கணக்குகளோடு மல்லுக்கட்டித்தான் சீட்டுப் போட்டுப் பாத்தி பிரிக்கும் முறையை வளர்த்தெடுத்தார்.

4. காசில்லாமல் பார்க்கக்கூடிய நான்கு சோதனைகள்

*மண்கட்டி சோதனை.* வயலில் ஒரு கட்டி, கோயில்காட்டில் ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவு போதும். நிழலில் காயவைத்து, கம்பி வலைமேல் வைத்துத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மெல்ல இறக்குங்கள். பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்களின் பசையும் பிடித்து வைத்திருக்கும் கட்டி சில நிமிடங்கள் ஆனாலும் நிற்கும். மற்றது ஓரத்திலிருந்து புகைபோல உதிர்ந்து அடியில் படியும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது.

*வேர்முடிச்சு.* தட்டைப்பயறு விதைத்து 40 நாளில் பாருங்கள். செடியைப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நிற்கும். மண்வெட்டியால் கட்டியோடு தோண்டி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு அலசுங்கள். பிறகு பிளேடால் முடிச்சை நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் தழைச்சத்து பிடிக்கும் வேலை நடக்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் தருவது, நம் ரத்தத்தில் இருப்பதற்குச் சொந்தக்காரப் புரதம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை. யூரியா நிறையப் போட்ட பாத்தியில் முடிச்சே குறைவாக இருக்கும். அதை நுண்ணுயிர் இல்லாமை என்று எழுதிவிடாதீர்கள்.

*துணிச் சோதனை.* ஒரே தானிலிருந்து வெட்டிய கோராத் துணி. கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து எடை போட்டு, உள்ளங்கை அளவுத் துண்டுகளை 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்து, அலசி, காயவைத்து மறுபடி எடை. குறைந்த எடைதான் செல்லுலோஸைத் தின்னும் கூட்டத்தின் வேகம். ஓரம் தைப்பதாக இருந்தால் பாலியெஸ்டர் நூலில் தையுங்கள், பருத்தி நூலும் மக்கிவிடும். நம் ஊரில் உண்மையான தொல்லை கரையான். மெல்லிய நைலான் வலைப்பையில் போட்டுப் புதைத்தாலும் சில இடங்களில் புகுந்துவிடும். துணியில் மண்பூச்சு ஒட்டியிருந்தால் அந்தத் துண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

*வேருக்குள் பூஞ்சை.* இதற்கு மட்டும் கல்லூரி ஆய்வகமும் நுண்ணோக்கியும் வேண்டும். மெல்லிய வேர்களை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி வெளுக்கவிட்டு (கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவேண்டாம்), அலசி, 5 சதவீதம் பேனா மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் பூஞ்சை நிறம் பிடித்துக்கொள்ளும். எல்லா மையும் ஒட்டாது, ஒரு வேரில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் செல்லுக்குள் குட்டி மரம்போலக் கிளைத்திருப்பதும் முட்டைபோல உருண்டிருப்பதும் வேம் பூஞ்சை. கடுகு, முட்டைக்கோஸ், தண்டுக்கீரை வேர்களில் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை. டி.ஏ.பி. தாராளமாகப் போட்ட நிலத்திலும் குறைவாகத்தான் தெரியும், மணிச்சத்து கையில் இருக்கும்போது செடி பூஞ்சைக்குச் சோறு போடாது.

5. மண் மாதிரி எடுப்பது

வேளாண் துறை சொல்லிக்கொடுக்கும் 'வி' வடிவக் குழி, வளைந்து வளைந்து நடந்து பல இடத்தில் எடுப்பது, கலந்து கால்பங்காகக் குறைப்பது எல்லாம் இங்கும் பொருந்தும். ஒரு விஷயம் நேர் எதிர்: உரச் சோதனைக்கு மண்ணை உலர்த்துவார்கள், உயிர்ச் சோதனைக்கு உலர்த்தினால் கதை முடிந்தது. பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, சுவாசச் சோதனைக்கு ஃபிரிட்ஜிலும் டி.என்.ஏ.வுக்கு உறைபெட்டியிலும் பிரித்து வையுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் பக்கம் எடுக்கவேண்டாம். ஒவ்வொரு பாத்திக்கும் மாறும்போது கருவியை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

காய்ந்த மண்ணில் மழை விழுந்தவுடன் நுண்ணுயிர்களின் சுவாசம் குப்பென்று ஏறும். கிழக்கு ஆப்பிரிக்க மண்களை ஆராய்ந்த பிர்ச் 1958இல் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரையே இந்த விளைவுக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு பாத்தியை மழைக்கு முன்பும் இன்னொன்றை மழைக்குப் பின்பும் எடுத்து ஒப்பிடவே கூடாது. ஒரே நாள் காலையில் எல்லாப் பாத்தியையும் முடியுங்கள். (முதல் மழை வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின், அதை முக்கியமாகச் செய்வது ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா. வாசனை வந்தால் மண் நல்ல மண் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.)

6. ஆய்வகத்தில் எதற்கு எது

அகார் தட்டில் வளர்த்து எண்ணுவதுதான் பழைய வழி. மண்ணில் உள்ளவற்றில் நூற்றில் ஒன்றுகூட அதில் வளர்வதில்லை. கடையில் வாங்கிய பாக்கெட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல கருவி, மண்ணின் கூட்டத்தை அறிய அல்ல.

மொத்தம் எவ்வளவு உயிர் என்று தெரிய, குளோரோபார்ம் புகையூட்டும் முறை. 1976இல் ரோதம்ஸ்டெட்டில் ஜென்கின்சனும் பௌல்சனும் கொண்டுவந்தது. நுண்ணுயிர்களைக் கொன்று, அவை விட்ட கரிமத்தை அளப்பது. எவ்வளவு சுறுசுறுப்பு என்று தெரிய, மூடிய ஜாடியில் ஈரமண்ணோடு காரக் குப்பி வைத்து, கரியமில வாயுவைப் பிடித்தது போக மிஞ்சிய காரத்தை அமிலத்தால் டைட்ரேட் செய்து (சொட்டுச் சொட்டாகச் சேர்த்து) அளப்பது. மண் இல்லாத ஜாடி ஒன்றும் கூடவே இருக்கவேண்டும். எல்லா ஜாடியிலும் ஒரே ஈரம், அளக்கும் முன் ஒரு வாரம் அடங்கவிடுங்கள்.

யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு டி.என்.ஏ. இனத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. துண்டாகப் பாக்டீரியாவுக்கு 16எஸ் மரபணுவையும் பூஞ்சைக்கு ஐ.டி.எஸ். பகுதியையும் படிப்பார்கள். ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு உயிர்களை வகைப்படுத்தி, பாக்டீரியா போலத் தெரிந்தாலும் வேறான ஆர்க்கியா என்ற தனிக் கிளையையே அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் வூஸ் 1977இல் காட்டினார். இன்றைய முறைகள் அந்த வழியில் வந்தவை. பெயர் சூட்ட சில்வா, யுனைட் தரவுத்தளங்களும், வரிசைகளைச் சுத்தம்செய்ய டாடா2, சைம்2 மென்பொருள்களும் இலவசம். வரிசைப்படுத்தும் கட்டணம்தான் கையைக் கடிக்கும். ஆகவே நான்காம் படியில் வித்தியாசம் தெரிந்த பாத்திகளுக்கு மட்டும் அனுப்புங்கள்.

அறிக்கை வந்தவுடன் மூன்று சந்தேகம் எழவேண்டும். முதலாவது, செத்த நுண்ணுயிரின் டி.என்.ஏ.வும் மண்ணில் தங்கும். 2016இல் வந்த ஓர் ஆய்வில் மண்ணிலிருந்து கிடைத்த டி.என்.ஏ.வில் சராசரியாக 40 சதவீதம் அப்படிப்பட்டது. நீங்கள் ஊற்றியது வரிசையில் தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருளாகாது. இரண்டாவது, பிரித்தெடுக்கும் கிட்டிலேயே அந்நிய டி.என்.ஏ. இருக்கும், மண் போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால்தான் பிடிபடும். மூன்றாவது, வருவதெல்லாம் சதவீதம். ஒரு கூட்டம் பெருகினால் மற்றவை குறையாமலே குறைந்ததுபோலத் தெரியும். மொத்த உயிர்க் கரிமத்தோடு சேர்த்துப் படித்தால் ஏமாறமாட்டீர்கள்.

7. பாத்தி போடுங்கள்

2 மீட்டருக்கு 2 மீட்டர் பாத்தி, நடுவில் அரை மீட்டர் இடைவெளி, அதில் சின்ன வரப்பு. ஐந்து வகைச் சிகிச்சை, ஒவ்வொன்றும் நான்கு முறை, மொத்தம் 20 பாத்தி. 12 மீட்டருக்கு ஒன்பதரை மீட்டரில் அடங்கிவிடும், 3 சென்ட் தாண்டாது.

ஐந்து வகை: எதுவும் செய்யாதது; பலதானியமும் மூடாக்கும் மட்டும்; ஜீவாமிர்தம் மட்டும்; பலதானியம், மூடாக்கு, ஜீவாமிர்தம் மூன்றும்; கடைசியாக, பலதானியம், மூடாக்கோடு வேகவைத்த ஜீவாமிர்தம்.

கடைசி வகையைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மொத்தச் சோதனையும் அதில்தான் நிற்கிறது. ஜீவாமிர்தத்தில் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு எல்லாம் உண்டு. பயிர் நன்றாக வந்தால் அது நுண்ணுயிரின் வேலையா, வெல்லமும் மாவும் மண்ணில் ஏற்கெனவே இருந்தவற்றுக்குத் தீனியானதா? கொன்ற கரைசலும் உயிருள்ள கரைசலும் ஒரே பலன் தந்தால் விடை தெரிந்துவிடும். ஏக்கருக்கு 200 லிட்டர் என்பது வழக்கமான அளவு; 4 சதுர மீட்டருக்கு அது 200 மில்லி. நான்கு பாத்திக்கு 800 மில்லி, பழைய பிரஷர் குக்கர் போதும். தளர மூடிய பாட்டிலில் ஊற்றி முழு அழுத்தத்தில் அரை மணி நேரம். கொதிக்கும்போது கோமியத்தின் அம்மோனியா கொஞ்சம் போய்விடும் என்பதால் ஒப்பீடு நூற்றுக்கு நூறு சுத்தமில்லை. இருந்தாலும் வேறு வழியைவிட இது மேல். கரைசல் ஊற்றாத பாத்திகளுக்கும் அதே அளவு வெறும் தண்ணீர் ஊற்ற மறக்கவேண்டாம்.

எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். மேட்டுப்பக்கம் ஐந்து, அதற்கடுத்து ஐந்து என்று நான்கு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்குள்ளும் தனியாகக் குலுக்கவேண்டும். ஒரே பாத்தியில் பத்து இடத்தில் மண் எடுத்துவிட்டுப் பத்து மாதிரி என்று எழுதுவது மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி காண்பது. அது ஒரு மாதிரிதான்.

8. தீனி முதலில், குடி பிறகு

பலதானிய விதைப்பு இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியது: தானியம், பயறு, எண்ணெய்வித்து, மசாலா, தழையுரச் செடி என்று ஒவ்வொன்றிலும் சில. வேருக்கு வேர் கசிவு மாறுவதால் பலவகை நுண்ணுயிர்க்குத் தீனி கிடைக்கிறது. பூக்கும் நேரத்தில், 45 முதல் 60 நாளுக்குள், அறுத்து அங்கேயே போடுங்கள். மடக்கி உழுவதானால் எல்லாப் பாத்தியிலும், வெறும் பாத்தி உட்பட, அதே அளவு கிளறவேண்டும்.

மூடாக்கு வைக்கோலில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 60க்கு மேல். நுண்ணுயிர்க்குத் தோதானது 25 பக்கம். வைக்கோலை மண்ணில் கலந்துவிட்டால் குறைகிற தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே பிடுங்கும், பயிர் வெளுக்கும். மேலாகவே பரப்புங்கள், பயறு வகைத் தழையைச் சேர்த்துப் போடுங்கள்.

பாக்கெட் போடுவதானால் விதைநேர்த்தியாகப் போடுங்கள்: ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைப்பு. பூஞ்சாணக்கொல்லியோடு சேர்க்கக்கூடாது. கடை வாசலில் வெயிலில் கிடந்த பாக்கெட்டை வாங்காதீர்கள்.

நல்ல மண்ணையே கொண்டுவந்து தூவினால் என்ன? நெதர்லாந்தில் 2006இல் பழைய விளைநிலத்தில் செய்து பார்த்தார்கள். புல்வெளி மண், ஹீத் எனப்படும் புதர்வெளி மண் இரண்டையும் தனித்தனியே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான படலமாகத் தூவினார்கள். ஆறு ஆண்டு கழித்து, எந்த மண்ணைத் தூவினார்களோ அந்த இடத்தின் தாவரத்தையும் மண்ணுயிரையும் நோக்கி நிலம் நகர்ந்திருந்தது. 2016இல் முடிவு வெளியானது. உரமேறிய மேல்மண்ணை அகற்றிய இடத்தில்தான் பலன் வலுவாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்: சூழல் ஒத்துவராத இடத்தில் விருந்தாளி தங்கவில்லை. நம் ஊரில் இதைச் செய்வதில் இன்னொரு ஆபத்து, மண்ணோடு வாழை வாடல் பூஞ்சையும் வேர்முடிச்சு நூற்புழுவும் வந்துவிடும். வாழைத்தோட்டத்து மண், தக்காளி கத்தரி போட்ட மண் இரண்டையும் தொடவே வேண்டாம்.

9. எப்போது என்ன எதிர்பார்க்கலாம்

சுவாசம் சில வாரத்தில் மாறும். துணி மக்கும் வேகமும் வேர்முடிச்சும் ஒரு பருவத்தில் பேசும். கட்டி தண்ணீரில் நிற்க இரண்டு மூன்று பருவம் பிடிக்கலாம். அங்ககக் கரிமம் ஒரே ஆண்டில் ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், மாதிரி எடுத்த இடத்தை முதலில் விசாரியுங்கள். ரோதம்ஸ்டெட்டின் பிராட்பால்க் வயலில் 1843 முதல் தொழுவுரம் இடும் பாத்தி உண்டு. அங்கே கரிமம் ஏறியது பல பத்தாண்டுக் கணக்கில்.

வித்தியாசம் எதுவும் வரவில்லை என்றாலும் எழுதி வெளியிடுங்கள், நிலத்துக்காரரிடம் முதலில் காட்டுங்கள். டி.என்.ஏ. வரிசைகளை ஃபரிதாபாதில் இருக்கும் இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்க்கலாம். கூடவே முதல் படியில் எழுதிய நோட்டின் விவரங்களும் போகவேண்டும், மண் எந்தத் தேதி, எத்தனை ஆழம், கடைசி மழை எப்போது என்பதுவரை. பாத்தியின் மூலைகளுக்கு மரக்குச்சி அடிக்காதீர்கள், அடுத்த பருவத்துக்குள் கரையான் தின்றுவிடும். கல் நட்டு, அதில் பெயிண்டால் எண் எழுதுங்கள்.